தீபாராதனையும் ஆர்.எஃப். எண்ணும்: ஹேண்ட்பிரேக் மென்பொருளை ஒன்றரை ஆண்டு பயன்படுத்திய பிறகு

பாபநாசத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்க் கோயிலின் பங்குனி உற்சவத்தை என் பெரியப்பா 2002ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து ஆண்டுகள் மினிடிவி (சிறிய டிஜிட்டல் கேசட்) கேமராவில் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பீரோவின் மேல்தட்டில் நாற்பத்திரண்டு கேசட்டுகள் இருந்தன. இன்று உயிரோடு இல்லாத நாகஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் அவற்றில் வாசிக்கிறார்கள். இடிந்து போன பழைய வாகன மண்டபம் அவற்றில் நிற்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அத்தையும் ஒரே இணைப்பைத் தட்டிப் பார்க்கும்படி இவற்றை இணையத்தில் வைக்க வேண்டும் என்பதே என் நோக்கம். அந்த வேலைக்காக நான் நம்பிய ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை.

முதலில் நான்கு கேசட்டுகளை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். 'ஃபுல் ஹெச்டி' என்று எழுதிய பென் டிரைவில் 1080பி, அதாவது 1080 வரிகள் கொண்ட, கோப்புகள் வந்தன. அவற்றில் தவில் வாசிப்பவரின் கை அசையும்போதெல்லாம் விரல்களைச் சுற்றிச் சீப்பின் பற்களைப் போலக் கிடைமட்டக் கோடுகள் தெரிந்தன. காரணம் பின்னர்தான் விளங்கியது. நம் நாட்டு மினிடிவி கேமரா விநாடிக்கு 25 முழுப் படங்களை எடுப்பதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று விநாடிக்கு 50 அரைப் படங்களை எடுக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் அப்படியே ஒட்டி, அதன் மேல் 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படத்தை இழுத்துப் பெரிதாக்கினால், கோடுகள் படத்தோடு படமாக உறைந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைச் சுத்தமாக நீக்க முடியாது. பழைய கேமராவை ஃபயர்வயர் கேபிளில் இணைத்து, கேசட்டில் இருப்பதை எந்த மாற்றமும் இல்லாமல் கணினிக்குள் இறக்கும் வேலையை அதன் பிறகு நானே செய்தேன். ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 13 ஜிபி ஆகிறது. நாற்பத்திரண்டும் சேர்ந்தால் ஐந்நூறு ஜிபிக்கு மேல். இதை அப்படியே யாருக்கும் அனுப்ப முடியாது, சுருக்கத்தான் வேண்டும்.

ஹேண்ட்பிரேக் இந்தச் சுருக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. 2003ஆம் ஆண்டு எரிக் பெட்டி என்பவர் பிஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காகத் தொடங்கியது, பின்னர் தன்னார்வலர்கள் கையில் வளர்ந்து 2016 டிசம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது, கட்டணம் இல்லை. வெட்டி ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, பெயர் எழுதுவது, நேரலை அனுப்புவது ஆகிய எதுவும் இதில் கிடையாது, அதைக் குறையாகவும் நான் எண்ணவில்லை. இறக்கிக்கொள்ளும்போது மட்டும் கவனம் வேண்டும். 2017 மே மாதத்தில் இதன் பதிவிறக்க வழங்கிகளில் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் பதிப்புக்குப் பதிலாகத் தீநிரல் கலந்த கோப்பை வைத்துவிட்ட நிகழ்ச்சி உண்டு. ஆகவே அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே எடுத்து, அங்கே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இனி தரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு வருகிறேன். இந்த மென்பொருளின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

வீடியோ பக்கத்தில் தரத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சராசரி பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவு என்பதை, நாமே சொல்வது. மற்றொன்று, ஆர்.எஃப். என்ற எண்ணை நகர்த்தி, மாறாத தரத்தைக் கேட்பது. முதல் வழி எல்லோருக்கும் பழக்கமானது, ஏனென்றால் கோப்பின் அளவு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அது எல்லா வயலுக்கும் ஒரே மணிக்கணக்கில் மடை திறப்பதைப் போன்றது. வித்வான் அசையாமல் உட்கார்ந்து ராக ஆலாபனை செய்யும் பத்து நிமிடத்துக்கும், ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும் தேரோட்டத்தின் பத்து நிமிடத்துக்கும் தேவை ஒன்றல்ல. இரண்டு சுற்று ஓடவிட்டால் மென்பொருள் முதல் சுற்றில் அளந்து, இரண்டாம் சுற்றில் ஓரளவு பங்கிட்டுக் கொடுக்கும். இருந்தாலும் மொத்தம் நாம் சொன்னதுதான். அது இந்தக் கேசட்டுக்குப் போதுமா, அதிகமா என்பது நமக்குத் தெரியாது. ஆர்.எஃப். வழியில் தரத்தைச் சொல்கிறோம், தேவைக்கேற்ப அளவை மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு எண் கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது கணக்குப் போட உதவும் ஒரு தோராயம்.

ஹேண்ட்பிரேக்கின் சொந்த வழிகாட்டுதலில் பழைய 576 வரிப் படங்களுக்கு 18 முதல் 22 வரையும், 720பி படங்களுக்கு 19 முதல் 23 வரையும், 1080பி படங்களுக்கு 20 முதல் 24 வரையும் சொல்லப்பட்டிருக்கிறது. சிறிய படத்துக்கு ஏன் அதிகத் தரம் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. அதே தொலைக்காட்சித் திரை முழுவதும் குறைந்த புள்ளிகளை இழுத்து நிரப்புகிறோம் என்பதால், ஒவ்வொரு பிழையும் அங்கே பெரிதாகத் தெரிகிறது என்பதே காரணம்.

ஆனால் இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது சரியல்ல என்பதை அத்தைதான் எனக்கு உணர்த்தினார். நான் 24 வைத்து அனுப்பிய முதல் கோப்பைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், "மேளமெல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு, தீபாராதனை காட்டறப்ப சாமி முகமே தெரியலையே, கட்டம் கட்டமா இருக்கு" என்றார். என் மடிக்கணினியில் அதை நான் கவனிக்கவே இல்லை. அவர் வீட்டில் பேரன் அதைப் பெரிய டிவியில் போட்டிருக்கிறான்.

அந்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். அர்த்த மண்டபத்தில் விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கின்றன. கற்பூரத் தட்டு மட்டும் மேலே எழும்புகிறது. வெளிச்சம் சாமியின் மார்பு ஆபரணத்தில் பட்டு, கன்னத்துக்கு ஏறி, மீண்டும் இறங்குகிறது. சுற்றிலும் சாம்பிராணிப் புகை. இருட்டின் மெல்லிய ஏற்ற இறக்கங்களை, படத்தைச் சுருக்கும் நிரலான என்கோடர் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எண்ணித் தட்டையாக்கிவிடுகிறது. நம் கண்ணோ அங்கேதான் நிலைகொண்டிருக்கிறது. ஆர்.எஃப். எண்ணை 24இலிருந்து 20க்கு இறக்கியதும் முகம் திரும்பி வந்தது, ஆனால் தூணுக்குப் பின்னால் இருந்த இருட்டில் கட்டங்கள் முழுவதும் போகவில்லை. எக்ஸ்264 என்கோடரில் பிட்டுகளைப் படத்துக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதைத் தீர்மானிக்கும் 'ஏகியூ மோட்' என்ற அமைப்பு ஒன்று உண்டு. அதை 3 என்று வைத்தால் இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பங்கு போகும். வீடியோ பக்கத்தின் அடியில் உள்ள கூடுதல் விருப்பங்கள் பெட்டியில் இந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் தூணின் நிழல் நிழலாகவே தெரிந்தது. கோப்பு சற்றுப் பெருத்தது. கோயில் காட்சிகளுக்கு அந்தக் கூடுதல் தகும் என்பது என் முடிவு.

இந்தச் சோதனையை எளிதாக்கியது ஹேண்ட்பிரேக்கின் ஒரு சிறிய வசதி. முழுக் கேசட்டையும் மாற்றாமல், எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை என்று குறிப்பிட்டு முப்பது விநாடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு கேசட்டிலும் மிகக் கடினமான இடத்தை முதலில் தேடிப் பிடித்துவிடுகிறேன். பெரும்பாலும் அது நான்கில் ஒன்றாக இருக்கும்: இருட்டில் தீபாராதனை, பூச்சொரிதல், இரவுப் புறப்பாட்டில் ஜெனரேட்டர் விளக்கின் கீழ் நகரும் கூட்டம், தவிலின் தனி ஆவர்த்தனம். அந்த முப்பது விநாடியை 18, 20, 22, 24 என்று நான்கு எண்களில் மாற்றி, கைபேசியிலும் டிவியிலும் போட்டுப் பார்த்து, பழுது தெரியாத மிக உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்கிறேன். ஆறங்குலக் கைபேசித் திரையில் 22க்கும் 20க்கும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. டிவியில் காண முடிந்தது. கடினமான இடத்தில் நிற்கும் தரம் எளிய இடத்தில் தானே நிற்கும்.

தவில் கையின் கதைக்குத் திரும்புகிறேன். ஃபில்டர்ஸ் பக்கத்தில் 'பிவ்டிஃப்' என்ற வரி பிரிப்பி இருக்கிறது. அதில் 'பாப்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், 50 அரைப் படங்களும் 50 முழுப் படங்களாக மாறும்; வலந்தலையில் கூடு அணிந்த விரல்களின் ஒவ்வோர் அடியும், தொப்பியில் கம்பின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. '1080பி30' என்று முடியும் ஆயத்த அமைப்புகள் எல்லாவற்றிலும் விநாடிக்கு 30 படங்களுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு முன்பே போடப்பட்டிருக்கிறது. அதை மாற்றாமல் பாப் முறையைப் போட்டால், 50 படங்களில் இருபது உதிர்ந்து, கை விட்டுவிட்டு அசையும். ஆகவே பட வேகத்தை 'மூலத்தில் உள்ளபடி' என்றும் 'மாறாதது' என்றும் வைக்க வேண்டும். புதிதாக வருபவர் தடுமாறும் இடம் இது. இரண்டு அமைப்புகளும் இரு வேறு பக்கங்களில் இருப்பதால் ஒன்று மற்றொன்றைத் தோற்கடிப்பது கண்ணில் படாது. இந்த மென்பொருளில் நான் கண்ட மிகப்பெரிய குறை இதுதான்.

இரவுக் காட்சிகளில் கேமரா வெளிச்சம் போதாமல் திணறிப் படம் முழுவதும் பொரிப் பொரியாக இரைச்சல் இருக்கும். இந்த இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் மாறுவதால் என்கோடர் அதைத்தான் உண்மையான விவரம் என்று எண்ணிப் பிட்டுகளைக் கொட்டும். 'என்எல்மீன்ஸ்' என்ற வடிப்பானை மிக மெல்லிய அளவில் வைத்தால் கோப்பு கணிசமாக இளைக்கிறது. அளவைக் கூட்டினால் பட்டுப்புடவையின் ஜரிகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தே அழிந்து, அம்பாள் பொம்மையைப் போல வழவழப்பாகிவிடுகிறாள். மெல்லியதைத் தாண்ட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இணையத்தில் ஓடவிடுவதற்கு ஆர்.எஃப். மட்டும் போதாது. தேவைக்கேற்ப எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டால், பூச்சொரிதல் வரும் பத்து விநாடியில் பிட்ரேட் சராசரியைப் போலப் பல மடங்கு எகிறும். வாய்க்கால் கரை உடைவது ஆண்டு முழுவதற்குமான நீரின் அளவால் அல்ல, ஒரு நாள் வரும் உச்ச வெள்ளத்தால்தான். கைபேசி அலைவரிசை பலவீனமாக உள்ள இடத்தில் சரியாக அந்தப் பத்து விநாடியில் படம் நின்று வட்டம் சுற்றும். இதற்காகக் கூடுதல் விருப்பங்களில் உச்ச பிட்ரேட்டுக்கு ஒரு வரம்பும், அதற்கான இடைத்தேக்க (பஃபர்) அளவும் போட வேண்டும். நான் உச்சத்தை 1,800 கிலோபிட் என்றும் தேக்கத்தை அதன் இரு மடங்கு என்றும் வைத்திருக்கிறேன். அந்த 1,800 எங்கிருந்து வந்தது என்றால், டேட்டா பேக்கிலிருந்து வந்தது. விநாடிக்கு ஒரு மெகாபிட் ஓடினால் மணிக்கு 450 எம்பி செலவாகும். ஆகவே 1,800 கிலோபிட், ஒலியைச் சேர்க்காமல், மிஞ்சிப் போனால் மணிக்கு 810 எம்பி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் ஒருவர், அந்த உச்சத்திலேயே ஓடினாலும், ஒரு கேசட்டை முழுவதும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்புக்கும் மீதம் வைத்துக்கொள்ளலாம். அதுவும் தாங்காதவர்களுக்காக 360பி அளவில் 600 கிலோபிட் வரம்போடு இரண்டாவது கோப்பு ஒன்றையும் வைக்கிறேன். ஒலியைச் சேர்க்காமல் அது மணிக்கு 270 எம்பியைத் தாண்டாது.

'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற சிறு கட்டத்தைத் தவறாமல் டிக் செய்ய வேண்டும். எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில் எழுதப்படும். இந்தக் கட்டத்தை டிக் செய்தால் அது முன்னால் வந்துவிடும். தட்டியவுடன் படம் ஓடத் தொடங்கும். அதேபோல், பக்கத்துப் படங்களைச் சாராமல் தனியாகவே விரியக்கூடிய படமான கீஃபிரேமின் இடைவெளியும் முக்கியம். எக்ஸ்264 இயல்பாக 250 படங்கள் வரை இடைவெளி விடும். பார்ப்பவர் நடுவில் ஓர் இடத்துக்குத் தாவும்போது காத்திருக்க நேரிடும். பின்னர் கோப்பைத் துண்டுகளாக்கி இரண்டு தரங்களுக்கும் இடையே மாறும்படி செய்யவும் அது ஒத்துவராது. இரண்டு விநாடிக்கு ஒன்று என்று, 50 படங்கள் கொண்ட கோப்பில் 100 என்று வைத்திருக்கிறேன். இந்தத் துண்டாக்கும் வேலையை ஹேண்ட்பிரேக் செய்யாது. அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வேறொரு மென்பொருள் வேண்டும்.

கோடெக், அதாவது சுருக்கும் முறை, விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: ஹெச்.264. 2003ஆம் ஆண்டு வந்த பழைய தரநிலைதான், ஆனால் அத்தையின் கைபேசியிலிருந்து துபாயில் உள்ளவரின் டிவி வரை எல்லாவற்றிலும் ஓடுவது அது ஒன்றே. 2013இல் வந்த ஹெச்.265 அதே தரத்தைச் சிறிய கோப்பில் தரும். 2018இல் வந்த ஏவி1 அதைவிடவும் சிறிதாகத் தரும். ஹேண்ட்பிரேக்கில் இரண்டும் உண்டு. இருப்பினும் ஏவி1 கோப்பை விரிக்கத் தனிச் சில்லு இல்லாத பழைய கைபேசியில் பேட்டரி கரைகிறது, போன் சுடுகிறது. இன்னும் சில ஆண்டுகளில் இதை மாற்றிக்கொள்வேன். மூலக் கோப்புகள் இருக்கும்வரை மறுபடி சுருக்குவதில் இழப்பு இல்லை.

வேகத்துக்கு 'ஸ்லோ'. அதற்குக் கீழே உள்ளவற்றில் நேரம் செலவாகும் அளவுக்குப் பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு மாற்றினால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, ஆனால் அதே அளவு கோப்பில் இருட்டுக் காட்சிகள் மோசமாகின்றன. என் பழைய மடிக்கணினியில் ஒரு கேசட்டை இரவு வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறேன். மின்சாரம் போனால் அந்தக் கேசட்டை மட்டும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒலியைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை, எனக்கு அது வருத்தம். ஹேண்ட்பிரேக் ஒலியை ஏஏசி முறையில் 160 கிலோபிட் என்று வைத்துத் தருகிறது. பேச்சுக்கு அது தாராளம். பெரிய மேளத்துக்கு 192 வைக்கிறேன். நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயிக் கூர்மையும் தாளத்தின் உலோக ஒலியும் சேரும் இடத்தில் பிட்ரேட் குறைந்தால், தாளம் 'கிண்' என்று ஒலிக்காமல் 'ஷ்' என்று நுரைக்கும். 192 கிலோபிட் என்பது மணிக்கு 86 எம்பிதான். படத்தில் மிச்சம் பிடிக்கலாம், இதில் பிடிக்கக் கூடாது.

மன்னார்குடியில் திருமணங்களுக்கு வீடியோ எடுக்கும் என் சித்தப்பா மகனுக்கு, இந்த அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே பிரீசெட்டாக (ஆயத்த அமைப்பாக) சேமித்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தேன். இந்த வசதி இதில் இருப்பது பெரிய உதவி. இரண்டு நாளில் அழைத்து, "அண்ணே, கேமரா ஷாட் எல்லாம் அருமையா வருது, பொண்ணு வீட்டுக்காரங்க போன்ல எடுத்ததுல மட்டும் பேச்சு வாயோட ஒட்டல" என்றான். கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பப் பட வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. அவன் 'மூலத்தில் உள்ளபடி' என்பதை எடுத்துவிட்டு 25 என்று எண்ணாகவே வைத்து, 'மாறாதது' என்பதை அப்படியே விட்டதும் அது சரியாகிவிட்டது. அவனுடைய கேமரா முழுப் படங்களாகவே எடுப்பதால் வரி பிரிப்பியையும் அணைத்துவிடச் சொன்னேன். கீஃபிரேம் எண்ணை 100இலிருந்து 50க்கு மாற்றினான். மண்டபத்தில் வெளிச்சம் நிறைய உண்டு, ஆர்.எஃப். 22 அவனுக்குப் போதும். உச்ச வரம்பை மட்டும் 1080பிக்கு ஏற்ப எவ்வளவு உயர்த்துவது என்பதில் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் 5,000 என்கிறான். நான் 4,000 போதும் என்கிறேன், மாலை மாற்றும் முப்பது விநாடியை இரண்டு அளவிலும் மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.